பேருந்தில் குறள் 256, மடியில் ஒரு கிலோ ஆட்டுக்கறி

கறிப்பை (இழையைத் தொடங்கியவர்)
ஞாயிறு, மாலை 5.10

காலையில் நடந்தது. வழக்கமான கடையில் வரிசையில் நின்று ஒரு கிலோ வாங்கினேன். தொடைக்கறி முக்கால், நெஞ்செலும்பு கால். டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் குறள். எப்போதும் 'கற்க கசடற'தான் இருக்கும், அன்றைக்கென்று பார்த்து இது:

தினற்பொருட்டால் கொல்லாது உலகெனின் யாரும்
விலைப்பொருட்டால் ஊன்தருவார் இல்.

தின்பதற்காக உலகம் கொல்லாவிட்டால் விற்பதற்கு ஆளே இருக்காது என்கிறார். மடியில் பை. உள்ளே கறி இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. இறங்குகிற வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கறியை வீட்டில் சமைத்தோம், சாப்பிட்டேன், நன்றாகவே இருந்தது. ஆனால் கேள்வி போகவில்லை. எனக்கு வயது 44, கொலஸ்ட்ரால் எல்லைக்கோட்டில். மனைவிக்கு இரத்தம் குறைவு, ஹீமோகுளோபின் 9.6தான், அதனால் அம்மா வாரம் தவறாமல் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், வாங்கி வரச் சொல்கிறார். 'சத்துக்காகத்தான் சாப்பிடுகிறோம்' என்பது உண்மையா, நாக்குக்கு நாம் சொல்லும் சாக்கா? சாக்கு என்றால் கொலையை எப்படி நியாயப்படுத்துவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சோற்றுப்பானை
ஞாயிறு, மாலை 5.22

அடுத்த வாரம் ஆட்டோவில் வாங்க தல. அதில் குறள் இருக்காது, 'பிரசவத்துக்கு இலவசம்' மட்டும்தான்.

நனிசைவி
ஞாயிறு, மாலை 6.45

ஏழு வருடமாகக் கறி, மீன், முட்டை, பால், தேன் எதுவும் தொடுவதில்லை. உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வரவில்லை அண்ணா. நானும் ஒரு காலத்தில் லெக் பீசுக்குத் தம்பியோடு சண்டை போட்டவள்தான்.

என் கேள்வி ஒன்றுதான். வேறு சாப்பாடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, வலி தெரிந்த ஒரு உயிரை ருசிக்காகக் கொல்லலாமா? பஞ்சத்தில் கிடப்பவரையோ பயிரே விளையாத பனிப்பிரதேசத்தில் இருப்பவரையோ நான் கேட்கவில்லை. உழவர் சந்தைக்குப் பக்கத்தில் குடியிருப்பவரைக் கேட்கிறேன்.

இன்னொன்று. கறியை விட்டுவிட்டுத் தயிர்சாதத்துக்குப் போய் 'நான் சுத்த சைவம்' என்பவர்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கன்று ஈன்றால்தான் மாடு பால் கறக்கும். அதற்குத்தான் சினை ஊசி. பிறப்பது காளைக்கன்றாக இருந்தால், உழவும் இல்லை வண்டியும் இல்லை, அதை வைத்து யார் தீவனம் போடுவார்கள்? பால் வற்றிய மாடும் அந்தக் கன்றும் சந்தைக்குப் போகும், அங்கிருந்து அடிமாடாக லாரி ஏறும். உலகத்திலேயே பால் உற்பத்தியில் முதலிடம் நம் நாடு. எருமைக்கறி ஏற்றுமதியிலும் முன்வரிசையில் இருக்கிறது. இரண்டும் ஒரே தொழுவத்தின் இரண்டு வாசல்கள்.

எங்கள் தாத்தா வீட்டில் ஒரு கன்று செத்துப்போனது. தோலை உரித்து, உள்ளே வைக்கோல் அடைத்துத் தைத்து, நான்கு குச்சிக் காலோடு தாய் முன்னால் நிறுத்தினார்கள். தோல்கன்று. மாடு அதை நக்கிக்கொண்டே பால் சுரந்தது. எனக்கு அப்போது எட்டு வயது. வேடிக்கையாக இருந்தது, கைதட்டிச் சிரித்தேன். இப்போது டீக்கடையைத் தாண்டும்போதெல்லாம் அந்த மாட்டின் நாக்குதான் கண்ணில் நிற்கிறது.

மொக்கைமணி
ஞாயிறு, இரவு 7.02

செடிக்கும் உயிர் இருக்கு. கீரையைக் கிள்ளும்போது அதுக்கு வலிக்காதா?

நனிசைவி
ஞாயிறு, இரவு 7.09

வந்துவிட்டார். செடிக்கு நரம்பு மண்டலமே கிடையாது. வாதத்துக்காக வலிக்கும் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ பிராய்லர் வளர ஒன்றரைக் கிலோவுக்கு மேல் மக்காச்சோளமும் சோயாவும் போக வேண்டும். செடிமேல் உங்களுக்கு அவ்வளவு இரக்கம் இருந்தால், கோழி வழியாகச் சாப்பிடாமல் நேராகச் சாப்பிடுங்கள். செடிச் சாவு குறையும்.

பல்லடத்தான்
ஞாயிறு, இரவு 9.30

கணக்கு சரிங்க அம்மிணி. நான் பிராய்லர் வளர்க்கிறவன், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஐந்தாயிரம் கோழி, ஒரே ஷெட், கம்பெனி ஒப்பந்தம். குஞ்சும் தீவனமும் மருந்தும் அவர்களுடையது. ஷெட், தண்ணீர், கரண்ட், ராத்திரித் தூக்கம் எல்லாம் நம்முடையது. பிடித்துக்கொண்டு போகிற எடைக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி வரும். குஞ்சு வரும்போது நாற்பது கிராம்தான் இருக்கும், உள்ளங்கையில் இரண்டு நிற்கும். நாற்பது நாளில் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும்.

முதலில் ஊர் முழுக்கச் சொல்கிற ஒரு பொய். 'ஹார்மோன் ஊசி போட்டு ஊத வைக்கிறார்கள்.' ஐந்தாயிரம் கோழியைத் தினமும் பிடித்து ஊசி போட ஆள் வைத்தால் என் கூலி அதிலேயே போய்விடும். ஊசியெல்லாம் கிடையாது. வளர்வது அந்த வம்சத்தின் குணம். தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிப் பொறுக்கி அப்படி ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். முப்பது நாள் தாண்டினால் ஒவ்வொரு பேட்ச்சிலும் சிலது காலை அகட்டி உட்கார்ந்துவிடும். நோய் ஒன்றும் இல்லை, அதன் எடையை அதன் காலே தாங்கவில்லை. தண்ணீர் நிப்பிள் இரண்டடியில் இருக்கும், எழுந்து போக முடியாது. அதைத் தூக்கித் தண்ணீர் பக்கத்தில் வைப்பேன். மறுநாள் மறுபடி தூக்குவேன். மூன்றாம் நாள் கொன்று கழித்துவிட வேண்டியதுதான். பதினொரு வருடமாக இந்தத் தொழில் செய்கிறேன், அந்தக் கழிக்கிற வேலையை மட்டும் என் மகன் கையில் கொடுத்ததில்லை.

நாமக்கல் மாணவன்
ஞாயிறு, இரவு 10.05

கால்நடை மருத்துவம் படிக்கிறேன். பல்லடத்து அண்ணன் சொல்வதற்கு ஆதாரமே இருக்கிறது. கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957ஆம் ஆண்டு வம்சக் கோழியையும் 2005ஆம் ஆண்டு வம்சக் கோழியையும் ஒரே தீவனம் கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். 56ஆம் நாள் பழையது ஒரு கிலோகூட இல்லை, புதியது நான்கு கிலோவைத் தாண்டியது. ஹார்மோன் எதுவும் இல்லாமல்தான்.

பயப்பட வேண்டியது ஆன்டிபயாடிக். மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கிற கொலிஸ்டினைக் கோழித் தீவனத்தில் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2019 ஜூலையில்தான் ஒன்றிய அரசு தடை போட்டது. இன்னும் ஒன்று, கறிக்கோழியை விட முட்டைக்கோழியின் பாடு மோசம். ஏ4 தாள் அளவுகூட இல்லாத இடத்தில் ஆயுள் முழுக்க நிற்க வேண்டும், சிறகு விரிக்க வழியில்லை. அந்த வம்சத்தில் பொரிகிற சேவல் குஞ்சு முட்டையும் போடாது, கறியும் பிடிக்காது. பொரித்த அன்றே கொன்றுவிடுவார்கள். முட்டை சாப்பிட்டால் பாவமில்லை என்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு சாப்பிடட்டும்.

சத்துக்கணக்கு
திங்கள், காலை 6.15

அரசு மருத்துவமனை ஒன்றில் உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். நியாய அநியாயத்தை வாத்தியார்களிடம் விட்டுவிட்டுச் சத்தை மட்டும் பேசுகிறேன்.

புரதத்தில் தொடங்குவோம். பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். இது கறி இல்லாமலே வரும், ஆனால் நாம் ஊற்றுகிற சாம்பாரில் வராது. ஓட்டல் சாம்பாரில் பருப்பை நீங்கள் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரு கை வேர்க்கடலையில் ஏழு கிராம், ஒரு முட்டையில் ஆறு, சுண்டல் ஒரு கிண்ணம் என்று எண்ணிச் சாப்பிட்டால் வரும். மூன்று வேளையும் அரிசி, தொட்டுக்கொள்ள ஊறுகாய் என்றால் வராது. சைவமா அசைவமா என்பதல்ல இங்கே சிக்கல்.

பி12 கதை வேறு. அது செடியில் கிடையாது. பால், முட்டை, மீன், கறியில்தான் உண்டு. பழைய சோற்றில் கொட்டிக்கிடக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பி இருந்துவிடாதீர்கள். கல்லீரலில் வருடக்கணக்கில் சேமிப்பு இருக்கும் என்பதால் குறைவது உடனே தெரியாது. கால் மரத்துப்போய் வந்து நிற்கும்போதுதான் தெரியும். நனிசைவி, நீங்கள் மாத்திரை எடுக்கிறீர்கள்தானே? சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிற சைவர்களும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள், அந்த மாத்திரையும் பி12ஐக் குறைக்கும்.

இப்போது கறிப்பை அண்ணனின் வீட்டுக்கு வருகிறேன். சுவரொட்டியில் இரும்பு நிறைய உண்டு. கறியில் இருக்கும் இரும்பு கீரையில் இருப்பதைவிட எளிதாக உடம்பில் சேரும் என்பதும் உண்மை. அம்மா சொன்னது சரி. ஆனால் 9.6ஐ வாரத்துக்கு ஒரு சுவரொட்டி தூக்கிவிடாது. மாத்திரை வேண்டும். அதைவிட முக்கியம், இரத்தம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். மாதவிடாய்ப் போக்கு அதிகமா, குடற்புழு இருக்கிறதா? சாப்பிட்டுக் கை கழுவியதும் டீ குடிக்கிற பழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள், டீ இரும்பை உடம்பில் சரியாகச் சேரவிடாது, ஒரு மணி நேரமாவது இடைவெளி விடட்டும்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். தமிழ்நாட்டில் 97 விழுக்காட்டுக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள் என்று 2014ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது. அதே மாநிலத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. கறி சாப்பிடும் வீட்டில் எப்படி? உங்கள் வீட்டில் நேற்று யார் யாருக்கு எத்தனை துண்டு விழுந்தது என்று எண்ணிப் பார்த்தீர்களா?

கறிப்பை
திங்கள், காலை 8.40

எண்ணிப் பார்த்தேன். சாப்பிட்டு முடித்த பிறகுதான்.

எனக்கு ஏழெட்டுத் துண்டு. பையனுக்கு நல்லி. அப்பாவுக்குப் பல் இல்லை என்று ஈரல். அம்மாவும் மனைவியும் கடைசியில் உட்கார்ந்தார்கள், சட்டியில் சாதத்தைப் போட்டுப் பிரட்டிச் சாப்பிட்டார்கள். சுவரொட்டி வதக்கியதில் பாதியைப் பையன் தின்றுவிட்டான். யாருக்கு என்று வாங்கினோமோ அவளுக்கு இரண்டு வாய்.

புலவர் (ஓய்வு)
திங்கள், காலை 11.20

தம்பி, அந்தக் குறளைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம். 26ஆம் அதிகாரம், புலால் மறுத்தல். இது துறவறவியலில் வருகிறது, எனவே சம்சாரிக்குப் பொருந்தாது என்று சாப்பிடுகிறவர்கள் தப்பித்துக்கொள்வது வழக்கம். நானும் வகுப்பில் பல வருடம் அப்படித்தான் சொன்னேன். ஆனால் 256 துறவிக்குச் சொன்னதாக இல்லை. 'உலகு' என்கிறார், 'விலை' என்கிறார். துறவிக்கு ஏது விலை? வாங்குகிற கையைப் பிடித்து நிறுத்துகிற குறள் அது.

பௌத்தத்தில் வேறு வழி இருந்தது. தனக்காகக் கொன்றதைப் பார்க்கவில்லை, கேட்கவில்லை, சந்தேகமும் இல்லை என்றால் பிச்சைப் பாத்திரத்தில் விழுந்த ஊனைத் துறவி உண்ணலாம். வள்ளுவர் அந்தக் கதவைச் சாத்துகிறார்.

அதற்காகத் 'தமிழன் ஆதியிலிருந்தே சைவம்' என்று கிளம்பிவிட வேண்டாம். தன்னை அந்தணன் என்று சொல்லிக்கொண்ட கபிலர், 'உன்னைப் பாடுகிறவர்களின் கை ஏன் இவ்வளவு மென்மை? ஊனும் சோறும் உண்பதைத் தவிர வேறு வேலை அறியாத கை, அதனால்தான்' என்று சேர மன்னனிடமே பாடுகிறார். பொருநராற்றுப்படையில் ஒருவன், இரவும் பகலும் ஊன் தின்று, கொல்லையை உழுத கொழுவைப் போலத் தன் பல் மழுங்கிவிட்டது என்கிறான். கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

எனக்குப் பிடித்தது மணிமேகலையில் வரும் இடம். சாதுவன் கப்பல் உடைந்து நாகர் மலையில் ஒதுங்குகிறான். கொலையின் தீமையைச் சொல்கிறான். நாகர் தலைவன், எங்கள் வாழ்க்கைக்கு ஒத்துவரும் அறம் எது என்று கேட்கிறான். சாதுவன் முழுச் சைவத்தை அவன் தலையில் கட்டவில்லை. கரையொதுங்கும் மனிதரைக் கொல்லாதே, மூத்துச் சாகிற விலங்கைத் தவிர மற்ற உயிருக்குத் தீங்கு செய்யாதே என்று இறங்கி வருகிறான். எவ்வளவு பக்குவம் பாருங்கள்.

மூணாம்மாடி
திங்கள், பகல் 1.15

இலக்கியம் நன்றாக இருக்கிறது ஐயா. என் அனுபவம் வேறு. போன வருடம் வாடகைக்கு வீடு தேடினேன். 'சைவம் மட்டும்' என்று போர்டு. நாங்கள் முட்டைகூடச் சமைக்க மாட்டோம் என்று சொல்லியும் அப்பா பெயர், ஊர், தெரு எல்லாம் விசாரித்துவிட்டு 'வீடு போய்விட்டது' என்றார்கள். அங்கே 'சைவம்' என்ற சொல் உணவைப் பற்றியதே இல்லை.

2003இல் கோயில்களில் ஆடு கோழி பலியிடக் கூடாது என்று 1950ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். யாருடைய கோயில்? பெருமாள் கோயிலிலா கிடா வெட்டுகிறார்கள்? முனியப்பனும் அய்யனாரும் கருப்பனும் எங்களுடையவர்கள். எதிர்ப்பு வந்து 2004இல் சட்டத்தையே எடுத்தார்கள். உயிர் இரக்கம் என்று ஆரம்பிக்கிற பேச்சு கடைசியில் 'நீ சாப்பிடுவது அசிங்கம்' என்று என் தட்டைப் பார்த்து முடிகிறது. அதனால்தான் இந்த மாதிரி இழை கண்டாலே எனக்கு எரிச்சல்.

நெறியாளர்
திங்கள், பகல் 2.00

மேலே உள்ள பதிவுக்கு வந்த மூன்று பதில்களை நீக்கியிருக்கிறேன். சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் கணக்கும் போகும்.

நனிசைவி
திங்கள், பகல் 2.40

மூணாம்மாடி, நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. வீடு மறுப்பது அயோக்கியத்தனம். அவர்கள் வீட்டு பிரிட்ஜில் பால் பாக்கெட் இருக்கும், அதில் சுத்தம் என்ன வாழ்கிறது? என் வாதம் உங்கள் கிடாவைக் கேட்பதற்கு முன்னால் அவர்கள் நெய்யைக் கேட்கிறது. ஆனால் ஒருவர் தப்பான காரணத்துக்காகச் சொன்னார் என்பதால் ஆட்டின் கழுத்து வலிக்காமல் போய்விடாதே. அதை மட்டும் தனியாக எடுத்து வைத்துப் பேச முடியாதா?

சத்துக்கணக்கு, மாத்திரை எடுக்கிறேன். பி12, வைட்டமின் டி இரண்டும்.

மூணாம்மாடி
திங்கள், பகல் 3.05

பேசலாம். ஆனால் முதலில் சமமாக உட்கார வேண்டும்.

யாழ் மருதடி
திங்கள், மாலை 4.30

வணக்கம். உங்கட ஊரில் 'அசைவம்' என்று சொல்கிறதை நாங்கள் மச்சம் என்போம், மற்றது மரக்கறி. எங்கட வீட்டில் மச்சச் சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு. வெள்ளியில் மச்சம் இல்லை. நல்லூர்த் திருவிழா 25 நாளும் அடுப்படிப் பக்கமே மீன் வாசம் வராது. கொடியிறங்கி மறுநாள் அப்பா விடிய எழும்பிச் சந்தைக்குப் போவார், அன்றைக்கு மீன் விலை சொல்ல ஏலாது.

பாவம் புண்ணியம் என்று அம்மம்மா ஒரு நாளும் விளங்கப்படுத்தியதில்லை. 'எல்லா நாளும் எல்லாத்தையும் தின்னக் கூடாது' என்பார், அவ்வளவுதான். ஆராவது 'விடவே முடியாது' என்றால் எனக்குச் சிரிப்பு வரும். நாங்கள் வருடத்தில் எத்தனை நாள் விடுகிறோம்.

சோற்றுப்பானை
திங்கள், மாலை 4.41

இங்கே திருவள்ளுவர் தினத்தன்று அரசாங்கமே கறிக்கடையை மூடச் சொல்கிறது. முந்தின நாள் ராத்திரி கடையில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் வள்ளுவரே டோக்கன் வாங்கித்தான் உள்ளே போகணும்.

கிடைக்காரர் பேரன்
திங்கள், இரவு 8.10

ராமநாதபுரம் பக்கம். தாத்தா கீதாரி, ஆட்டு மந்தை மேய்ப்பவர். எங்கள் ஆடு யாருடைய மக்காச்சோளத்தையும் தின்னவில்லை. கருவேலங்காயும் காய்ந்த புல்லும் அறுத்த வயலில் கிடக்கும் தாளும்தான் அதற்குத் தீனி. எந்தப் பயிரும் வராத பொட்டலில் மனிதன் தின்ன முடியாததைத் தின்று கறியாக்குகிறது. ராத்திரி வயலில் கிடை போட்டால், அதாவது மந்தையை அங்கே அடைத்தால், புழுக்கையும் மூத்திரமும் உரம், அதற்கு வயல்காரர் காசும் நெல்லும் கொடுப்பார். நீங்கள் வாங்கும் 'இயற்கை விவசாய' அரிசிக்குப் பின்னால் எங்கள் ஆடு நிற்கலாம். பண்ணைக் கோழிக்குச் சொல்கிற கணக்கை எங்கள் ஆட்டுக்கும் சொல்லாதீர்கள்.

வெட்டும்போது வலிக்காது என்று சொல்ல மாட்டேன். தாத்தா ஆயிரம் ஆட்டை விற்றிருப்பார். பிடித்துக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் பீடி பற்றவைப்பார். வண்டி போன பிறகுதான் திரும்புவார்.

முட்டைக்கண்ணன்
செவ்வாய், காலை 7.50

நான் 93இல் நான்காம் வகுப்பு, சத்துணவு மாணவன். 89இல்தான் சத்துணவில் முட்டை வந்தது, அப்போது பதினைந்து நாளுக்கு ஒன்று. அன்றைக்கு மட்டும் பள்ளியில் வருகை நூற்றுக்கு நூறு. என் முட்டையை டவுசர் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் நூலால் அறுத்துத் தங்கைக்குப் பாதி கொடுப்பேன், கத்தியால் வெட்டினால் மஞ்சள் கரு உதிர்ந்துவிடும் என்று. 2010இலிருந்து வாரம் ஐந்து முட்டை, வேண்டாம் என்கிற பிள்ளைக்கு வாழைப்பழம். கட்டாயம் இல்லை, மறுப்பும் இல்லை.

கூண்டுக்கோழி பற்றி நாமக்கல் தம்பி எழுதியதைப் படித்து நெஞ்சு கனத்தது, உண்மை. கூண்டைப் பெரிதாக்கச் சொல்லுங்கள், முட்டைக்கு ஒரு ரூபாய் கூடட்டும், நான் கொடுக்கிறேன். பிள்ளையின் தட்டிலிருந்து முட்டையை எடுக்க வந்தால் மட்டும் நான் குறுக்கே நிற்பேன்.

சத்துக்கணக்கு
செவ்வாய், காலை 9.00

கறி தின்றால் புற்றுநோய் வருமா என்று யாரோ தனிச்செய்தியில் கேட்டார்கள். 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புற்றுநோய் தரும் என்று உறுதியான முதல் பிரிவில் வைத்தது பதப்படுத்திய கறியை. சாசேஜ், பேக்கன், ஹாம் வகைகள். தினமும் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 விழுக்காடு கூடுகிறது என்றார்கள். ஆட்டுக்கறி, மாட்டுக்கறி அதற்கு அடுத்த பிரிவில், 'அநேகமாக' என்ற இடத்தில். சிகரெட்டும் முதல் பிரிவில் இருப்பதால் சாசேஜும் சிகரெட்டும் ஒன்று என்று அர்த்தமில்லை. பிரிவு என்பது சான்று எவ்வளவு உறுதி என்பதைத்தான் சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்குழம்பு உங்களைக் கொல்லாது. அதே குழம்பின் மேலே மிதக்கும் எண்ணெயை வழித்து வழித்துச் சாப்பிடுவது வேறு கதை.

பல்லடத்தான்
செவ்வாய், இரவு 11.50

இன்றைக்கு ராத்திரி கோழி பிடிக்கிறார்கள். வெயிலில் பிடித்தால் வழியிலேயே செத்துவிடும் என்று இந்நேரத்துக்குத்தான் வண்டி வரும். இந்த இழையைப் படித்துக்கொண்டே நிற்கிறேன். நனிசைவி அம்மிணி சொன்னபடி எல்லோரும் விட்டுவிட்டால் நான் என்ன செய்வது என்று கோபம்தான் முதலில் வந்தது. அப்புறம் யோசித்தேன், வாரத்துக்கு மூன்று நாள் சிக்கன் பிரியாணி என்று ஆன பிறகுதான் இந்த நாற்பது நாள் கணக்கே வந்தது. எங்கள் ஆத்தா காலத்தில் விருந்தாளி வந்தால் ஒரு சேவல். விலை கூடக் கொடுத்து மெதுவாக வளர்கிற கோழியை வாங்குகிறேன் என்று யாராவது சொன்னால் நாளைக்கே வளர்க்கிறேன். சொல்வார்கள், கடையில் வந்து கிலோவுக்கு இருபது ரூபாய் குறைவாக இருப்பதைத்தான் எடுப்பார்கள்.

கறிப்பை
அடுத்த ஞாயிறு, மதியம் 2.30

எல்லோருக்கும் நன்றி. விட்டுவிட்டேன் என்று சொல்ல வரவில்லை.

இன்று அரைக் கிலோதான் வாங்கினேன், சுவரொட்டி தனியாக. அதே வழித்தடத்தில்தான் வந்தேன், வேறு பஸ், வேறு குறள். எனக்கு இந்தக் கறி தேவையில்லை என்பது சத்துக்கணக்கு போட்ட கணக்கில் தெரிந்துவிட்டது. நான் சாப்பிட்டால் அது ருசிக்குத்தான், அதைச் சத்து என்று சொல்வதை நிறுத்திக்கொண்டேன். மனைவிக்குத் தேவை இருக்கிறது. மாத்திரையும் தொடங்கியாயிற்று.

அதனால் பந்தியை மாற்றினோம். அவளும் அம்மாவும் முதலில் உட்கார, நான் பரிமாறினேன். அம்மா இலையிலிருந்து துண்டை எடுத்து எடுத்துப் பையன் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். நான்கு முறை திருப்பி வைத்தேன். ஐந்தாவது முறை 'உனக்கு எவன்டா இதெல்லாம் சொல்லித் தந்தது' என்று கேட்டார். பஸ்ஸில் எழுதியிருந்தது என்றேன்.

நனிசைவி
அடுத்த ஞாயிறு, மதியம் 2.48

அரைக் கிலோ குறைந்ததில் எனக்குச் சந்தோஷம். பால்?

கறிப்பை
அடுத்த ஞாயிறு, மதியம் 2.51

டீ ஆறிக்கொண்டிருக்கிறது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகட்டும் என்று வைத்திருக்கிறேன்.